சித்தப்பாவுக்குச் சோறு நிறுத்திய வாரம்

எங்கள் நைனா போய்ச் சேர்ந்து முப்பது வருஷமாகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

யுத்த காலம். ஆவடியில் முகாம் போட்டிருந்த பட்டாளத்துக்காரர்கள், சுற்றுவட்டாரத்து ஆட்களுக்கு ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். பூந்தமல்லி வரை போய்த் திரும்ப வேண்டும், பத்து மைல். முதலில் வருகிறவனுக்கு முகாமில் தபால் கொண்டுபோகும் வேலை. காட்டுப்பாக்கத்தில் அதற்கு எங்கள் சித்தப்பாவை விட்டால் ஆளே கிடையாது. காலையில் ஒரு சட்டி கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டுத் திருவேற்காடு வரை ஓடி, வேர்வை காய்வதற்குள் திரும்பி வந்து ஏர் பூட்டுகிற மனிதர்.

நைனா அவருக்கு அண்ணன். அதனாலேயே எல்லாம் தெரிந்தவர். வெள்ளைக்காரன் கறியும் முட்டையும் தின்பதால்தான் குதிரை மாதிரி ஓடுகிறான் என்று முகாம் சமையல்காரன் எவனோ அவரிடம் சொல்லிவிட்டான். அவ்வளவுதான். பந்தயத்துக்கு முந்தின வாரம் முழுக்கச் சித்தப்பாவுக்குச் சோறு கிடையாது, கூழ் கிடையாது, ஒரு துண்டு வெல்லம்கூடக் கிடையாது. கறி, முட்டை, மறுபடியும் கறி. நான் வளர்த்த இரண்டு கோழிகளும் அந்த வாரம்தான் குழம்பாயின.

மூன்றாம் நாளே சித்தப்பா பாதி வழியில் திரும்பி வந்தார்.

"காலு இரும்பு மாதிரி கனக்குதுண்ணே. கொஞ்சம் கூழு குடிச்சிக்கிறேனே."

"கூழு குடிச்சா வயிறுதான் ரொம்பும். சொல்றத கேளுடா."

சித்தப்பா கேட்டுக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. ஐந்தாம் நாள் சொம்பில் கூழ் ஊற்றி, மாட்டுக்கொட்டகைக்குத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாயருகே தூக்கியபோது நைனா வந்துவிட்டார். சொம்பைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தார். மாடு குடித்தது. சித்தப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பந்தயத்தன்று நானும் நைனாவும் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நின்றோம். திரும்பி வருகிறவர்களுக்கு அங்கிருந்து கொஞ்ச தூரம்தான் பாக்கி. சித்தப்பாதான் முதலில் வந்தார். அவருக்குப் பின்னால் வெகுதூரம் வரை யாரும் இல்லை. நைனா துண்டைச் சுழற்றிக் கூச்சல் போட்டார். எங்களை நெருங்கும்போது சித்தப்பாவின் கால்கள் பின்னிக்கொண்டன. குடித்தவர் மாதிரி நாலு எட்டு வைத்தார். பிறகு நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார். கண் திறந்திருந்தது, எங்களை அடையாளம் தெரியவில்லை.

"எய்ந்து ஓடுடா! இன்னாடா குந்திக்கினு கீறே?"

நைனா கத்தக் கத்த, ஒவ்வொருவராக அவரைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போனார்கள். மோர் விற்கிற அம்மாள் ஒருத்திதான் நைனாவைத் தள்ளிவிட்டு, வெல்லத்தைக் கரைத்துச் சித்தப்பாவுக்குப் புகட்டினாள். கால் மணி நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. "இப்ப ஓடறேண்ணே" என்று எழுந்தும் நின்றார். கடைசி ஆளும் போய்விட்டிருந்தான்.

"நீதான் நைனா! நீதான் சோறு போடாம கெடுத்தே!" என்று அத்தனை பேர் நடுவிலும் நான் அலறினேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. நைனா கூட்டத்தைப் பார்த்து, "இவனுக்கு ஓட்டம் வராதுப்பா. ரத்தத்துலயே இல்ல" என்றார்.

பின்னாளில் என் மகன் நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்தபோது, பயிற்சி கொடுத்தவர் சொன்னார்: "இந்த வாரம் நல்லா சோறு போடுங்கம்மா. மாவுச்சத்து உடம்புல சேர்ந்திருந்தாத்தான் கடைசி வரைக்கும் கால் ஓடும்." வீட்டுக்கு வந்து ஆத்திரத்தோடு இன்னொரு படி அரிசியைச் சேர்த்துக் களைந்தேன். போய்ச் சொல்லச் சித்தப்பா அப்போது உயிரோடு இல்லை.

பந்தயத்துக்குப் பிறகு அவர் ஓடவே இல்லை. யார் கேட்டாலும், "எனக்கு ஓட்டம் வராதுப்பா" என்று சிரிப்பார். அண்ணன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்று நினைத்து, நான் பல மாதம் அவரோடும் பேசவில்லை. அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்பது அந்த வயதில் எனக்குப் புரியவில்லை.