சூசையின் மவுத் ஆர்கன்

பிள்ளைகளே, யுத்த காலத்தில் தூத்துக்குடியில் என் சிநேகிதன் சூசை கடலில் சங்கு குளிப்பான். நான் தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருப்பேன். ராத்திரி வீட்டில் அவன் மூச்சை உள்ளே இழுத்து, மவுத் ஆர்கனில் சுரத்தை மெல்ல வளைத்தால் அவன் மகள் தூங்கிவிடுவாள்.

ஒருநாள் ஆழத்தில் அவனுக்குச் செவிப்பறை இரண்டும் கிழிந்து, காது கேட்காமல் போயிற்று. பிறகு முதன்முதலாக மகளுக்கு வாசித்தபோது, தன் சத்தம் கேட்காமல் பலமாக இழுத்துவிட்டான். பிள்ளை வீரிட்டு அழுதாள்.

"ஏலே, சத்தம் கூடிட்டோ?" என்று பக்கத்திலிருந்த என்னிடம் பதறினான்.

கடலில் கயிற்றை இழுத்துச் சொல்வதுபோல், சத்தம் கூடும்போதெல்லாம் அவன் சட்டையை இழுத்தேன். குறைத்துக்கொண்டே வந்தான். பிள்ளை தூங்கினாள்.

"இப்பம் நல்லா வளையுதாலே?"

வெறும் மூச்சுதான் வந்தது, சுரமே இல்லை. ஆமென்று தலையாட்டினேன்.

அதன்பின் எத்தனையோ தடவை கேட்டான். இல்லையென்று தலையாட்ட எனக்கு ஒருநாளும் மனம் வரவில்லை.