லோகு கூடப் பாடினாள்

ஜெயக்கொடிக்கு யாராவது யோசனை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். பம்மல் தோல் பட்டறையில் தையல் வேலை. சாயந்தரமானால் பட்டறைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கபடி. எட்டு வருஷமாக, பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்பியதில்லை. அப்படிப்பட்டவளுக்கு எதற்கு யோசனை?

கூட ஆடிய லோகு 1987 மார்கழியில் மஞ்சக்காமாலையில் செத்துப்போனாள். ஜெயக்கொடி பாடிப் போகும்போதெல்லாம் நடுக்கோட்டருகே நின்று, தானும் "கபடி கபடி" என்று முணுமுணுப்பவள் அவள்தான்.

அதன்பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் அம்பயர் ஜெயக்கொடியை வெளியே அனுப்பினார். "பாட்டு வுட்டுட்டம்மா."

"வுடவே இல்ல சார்."

மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான். இருபத்தாறு வயசில் இதையும் விட்டால் அப்புறம் எவன் கூப்பிடுவான்? அம்பயருக்குக் காது மந்தம் என்று பம்மல் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

டீமில் சின்னவளான ஹில்டா, அண்ணன் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுல புடிச்சிக் கேப்போம்க்கா. தெரிஞ்சிடும்."

"எனுக்கு ஒரு பொட்டி வந்து சொல்லணுமா?" என்றாலும், அம்பயரை மடக்கும் ஆசையில் பாடினாள்.

ஆளில்லாத மைதானத்தில் டேப் ஓடியது. எதிர்ப்பக்கம் போய்த் திரும்பும் இடத்தில், இரண்டு முறை, அவள் குரல் நிஜமாகவே அறுந்திருந்தது. அந்த இடைவெளியில் வேறொரு குரல் மெல்ல, மூக்கால், கபடி கபடி என்று பாடியது.

"நீ பாடினியாடி?"

"இல்லக்கா. நான் வாயே தொறக்கல." ஹில்டா டேப்பை நிறுத்தினாள். "லோகுக்கா குரலு மாரி கீது."

மறுநாள் அவளே ஹில்டாவைத் தேடிப் போனாள். லோகுவின் குரலைக் கேட்கத்தான் போனாள், கற்றுக்கொள்ள அல்ல. ஆனால் ஹில்டா விடவில்லை. "நெஞ்சுல புடிக்காதக்கா, வயித்துல மூச்சப் புடி. சர்ச்சு கோயர்ல நாங்க அப்டித்தான் பாடுவோம். திரும்பி வர்றப்போ கத்தாத, கொரல எறக்கு."

வாய்வரை வந்த திட்டை விழுங்கிவிட்டுச் செய்து பார்த்தாள். அன்றைக்கு டேப்பில் ஒரே இடத்தில்தான் குரல் அறுந்தது. லோகுவும் ஒரே முறைதான் பாடினாள்.

அப்போதுதான் ஜெயக்கொடிக்கு விளங்கியது. தான் பாட்டை விட்டால்தான் அவள் வருவாள். விடாமல் பாடக் கற்றுக்கொண்டால், அவ்வளவுதான், லோகு இல்லை. பாவி, நாலு நாள் வேண்டுமென்றே பாட்டை விட்டாள். லோகுவும் சளைக்காமல் பாடினாள். ஆனால் நாளுக்கு நாள் அந்தக் குரல் களைத்தது. நாலாம் நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பேசியதைப்போல், வார்த்தைக்கு வார்த்தை இழுத்தது.

செத்தவளைப் போய் இன்னும் வேலை வாங்குகிறோமே என்று ஜெயக்கொடிக்கு உறைத்தது. "வயித்துல எப்டிப் புடிக்கணும்? இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள் ஹில்டாவிடம். அவள் வாழ்நாளில் யாரையும் அப்படிக் கேட்டதில்லை.

தேர்வு அன்று மூன்று பேர் காலைப் பிடித்து இழுக்க, பாட்டை விடாமல் நடுக்கோட்டைத் தொட்டாள். அம்பயர் கையைத் தூக்கினார். டீமில் பெயர் வந்தது.

சாயந்தரம் ஹில்டா பிடித்துவைத்த டேப்பைப் போட்டார்கள். ஆரம்பம் முதல் கடைசிவரை ஜெயக்கொடியின் குரல் மட்டும். எங்கும் அறுபடவில்லை. பாட்டு முடிந்தது. பிறகு, வெகுநேரம் அடக்கிவைத்திருந்த மூச்சை யாரோ நிம்மதியாக விட்டார்கள்.

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். ஜெயக்கொடி பெட்டியின்மேல் கை வைத்தாள்.

"ஒக்காருடி லோகு. இனிமே நான் பாத்துக்கறேன்."