விரலில் எடை பார்த்த கந்தவேல்

ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்தும் சாமியப்பன், துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால் டீ வருவதற்கு முன்பே கந்தவேலைக் கூப்பிட்டுவிடுவார். கந்தவேல் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடி, "நூத்தி எம்பதுங்க" என்பார். சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம் என்று அர்த்தம். வட்டமாக வெட்டித் தராசில் வைத்துக் கணக்குப் போட்டால் நூற்றெண்பத்தொன்று வரும். பையர் கைதட்டுவார். முப்பத்தாறு வருடமாக இந்த வித்தையால் சம்பளம் ஏறியதோ இல்லையோ, தலைக்கனம் நன்றாக ஏறியது. தராசை நம்புகிறவனைக் கண்டாலே அவருக்கு இளக்காரம்.

அறுபத்தொன்றாம் வயதில் விரல் மரத்துப்போனது. கனத்த துணியும் மெல்லிய துணியும் ஒன்றுபோலத் தெரிந்தன. வேறு யாராவது என்றால் தராசை எடுத்திருப்பார்கள். குவாலிட்டி இன்சார்ஜ் கந்தவேல் துணியை உதட்டில் உரசிப் பார்த்தார். உதடு சரியாகச் சொல்லிவிட்டது. "வெரல்ல பாக்கறது பழைய மொறைங்க, இது அதுக்கும் மேல" என்று முதலாளியிடம் கூசாமல் அளந்துவிட்டார். அடுத்த வாரம் செக்கிங் டேபிளில் இருந்த பதினோரு பேரும் உதட்டில் துணியை உரசிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் நான்கு பேருக்குச் சாயம் பட்டு உதடு புண்ணானது.

உள்ளுக்குள் அவருக்குப் பயம். விரல் போனது வெளியே தெரிந்தால் தன்னை ஒருத்தரும் மதிக்கமாட்டார்கள் என்ற ஒரே பயம்தான். அதனால் உள்ளூரில் காட்டாமல் பக்கத்து ஊரான அவிநாசிக்குப் போய் டாக்டர் பிரிசில்லாவைப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி, தட்டினால் அதிரும் இரும்புக் கவை ஒன்றைக் காலில் வைத்து, "அதிருதுங்களா?" என்றார் டாக்டர்.

"நல்லா அதிருதுங்க."

"நான் இன்னும் தட்டவே இல்லீங்களே."

சர்க்கரை இல்லை, விட்டமின் குறைவு இல்லை, வயசுதான் என்றார் டாக்டர். நரம்பு இழைக்குள் நீளவாக்கில் புரத நார்கள் ஓடுகின்றன. சுற்றிலும் வளையம் வளையமாக வேறு புரதங்கள் தாங்குகின்றன. நரம்பு குலையாமல் நிற்பது அவற்றால்தான். வயதாக ஆக அவற்றைப் புதுப்பிக்கும் வேலை மந்தமாகிறது. இடுப்பிலிருந்து பாதம்வரை போகிற நீள நரம்புதான் முதலில் அடிவாங்கும், அப்புறம் விரல். உதட்டு நரம்பு குட்டை, அது தாக்குப்பிடிக்கும். "உங்களுக்கு விரலைவிடக் கால்தானுங்க மோசம். செருப்பில்லாம நடக்காதீங்க. தெனமும் பாதத்தைப் பாருங்க."

இத்தனையிலும் கந்தவேல் காதில் விழுந்தது 'புரதம்' என்ற ஒன்று மட்டும். நூலைக் கனமாகப் போட்டால் துணி கனக்கும் என்பது அவர் தொழிலில் கண்ட உண்மை; நரம்பு மட்டும் விதிவிலக்கா? கம்பெனியில் ஜிம்முக்குப் போகிற தங்கதுரையிடம் கேட்டு ஐந்து கிலோ புரோட்டின் பவுடர் வாங்கினார். தின்கிற புரதம் நேராக நரம்பில் போய் உட்காராது என்று டாக்டர் சொன்னதை வசதியாக மறந்தார். இரண்டு மாதத்தில் தொப்பை கனத்தது. பாதத்தை ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை. தையல் ஹாலில் எல்லோரும் வெறுங்கால். அவர் மட்டும் செருப்புப் போட்டால் ஏனென்று கேட்பார்களே.

சரக்கு ஏற்றக் கன்டெய்னர் வாசலில் வந்து நின்ற அன்று, தையல்காரப் பெண் பூங்குழலியின் மிஷினில் ஊசி உடைந்தது. துணிக்குள் ஊசி போய்விடக் கூடாது என்பதால், உடைந்த துண்டு அத்தனையும் கிடைத்து, ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் சரக்கு வெளியே போகும். நுனி மட்டும் கிடைக்கவில்லை. காந்தத்தால் தரையைத் துழாவினார்கள். நூற்றுக்கணக்கான டி-ஷர்ட்டை உதறினார்கள். கந்தவேல் மிஷினைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"ஊசி ஒடையறதுகூடத் தெரியாம என்ன தைக்கறே கண்ணு? கையில உணர்ச்சியே இல்லியா?"

பூங்குழலி அழுதேவிட்டாள். அவள் செய்த தப்பு ஒன்றும் இல்லை.

கடைசியில் சாமியப்பனே வந்து ஆளாளுக்கு மெட்டல் டிடெக்டரைக் காட்டினார். கந்தவேலின் பாதங்களுக்கு நடுவே அது கத்தியது. ஹாலில் மிஷின்கள் நின்றிருந்தன. பூங்குழலி கீழே உட்கார்ந்து, "எந்தக் காலுங்க சார் குத்துது?" என்று கேட்டாள்.

"வலதுங்க" என்றார் கந்தவேல்.

வலதைத் தூக்கிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. இடது குதிகாலில் நுனி முழுசாக இறங்கி, ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. சாமியப்பன் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். அதுவரை யாரும் கந்தவேலை அப்படி இரக்கமாகப் பார்த்ததில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

பூங்குழலி நுனியை இடுக்கியால் உருவி ரிஜிஸ்டரில் ஒட்டினாள். 'கிடைத்த இடம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினாள்.

"டேபிளுக்கு அடியிலன்னு எழுது கண்ணு" என்றார் கந்தவேல், மெதுவாக.

"உள்ளதை எழுதும்மா" என்றார் சாமியப்பன்.

'கந்தவேல் சார், இடது குதிகால். அவருக்குத் தெரியவில்லை' என்று அழகான கையெழுத்தில் எழுதி, இன்சார்ஜ் கையெழுத்துக்காக அவரிடமே நீட்டினாள். அந்தப் பக்கத்தின் நகல் பையருக்குப் போகும். கந்தவேல் கையெழுத்துப் போட்டார்.