சும்மா இருக்கக் கூட்டிப் போனேன்

மனிதர்களைச் சும்மா இருக்கச் சம்மதிக்க வைப்பதுதான் என் தொழில். இதைவிட யானையைக் குட்டிக்கரணம் போடச் சம்மதிக்க வைத்துவிடலாம்.

பதினாலு வருஷம் இன்னொருவரின் டிராவல்ஸில் காசி, ராமேஸ்வரம், நவக்கிரகம் என்று பஸ் பஸ்ஸாக ஆட்களை ஏற்றி இறக்கினேன். அங்கே யாரும் ஓய்வு கேட்டதில்லை. காலை நாலு மணிக்கு எழுப்பினால்கூட "ஏம்மா இம்புட்டு லேட்டு?" என்பார்கள். பிறகு எனக்கு ஒரு ஆசை வந்தது. வேலையை விட்டுவிட்டு, மதுரை தல்லாகுளத்தில் ரெண்டு மேசை போட்டு சொந்தமாக ஆபீஸ் திறந்தேன். கோயில் டூர் கிடையாது. மாலத்தீவுப் பக்கம் ஒரு சொகுசுத் தீவு, கடல்மேல் வில்லா, ஸ்பா, மசாஜ், நாலு ராத்திரி அஞ்சு பகல். முதல் குழுவில் சேர்ந்தது ஆறே பேர். கூட நான். அந்த ஆறு பேரும் முகம் சுளித்துத் திரும்பினால் மேசைகளை விற்றுவிட்டுப் பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும்.

ஜவுளிக்கடை கவுன்ட்டரிலோ கல்யாண மண்டபத்திலோ ஆஸ்பத்திரி ரிசப்ஷனிலோ நின்று, அடுத்தவர் திருப்தியாகிறாரா என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் என் கட்சிதான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

அங்கே என்ன இருக்கு?

மாயாண்டி அண்ணன் அலங்காநல்லூர் பக்கம் விவசாயம் பார்க்கிறவர். வாடிவாசலுக்குப் போகிற காளை ஒன்று வைத்திருக்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் மகன், அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குப் பரிசாக இந்தப் பயணத்தை ஆன்லைனில் புக் செய்துவிட்டான். அண்ணனும் மனைவி காளீஸ்வரி அக்காவும் விசாரித்துப் போக நேரில் வந்தார்கள்.

"அங்கன கோயில் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "அருவி?" இல்லை. "கடை கண்ணி?" அதுவும் இல்லை, சுற்றிக் கடல்தான். "அப்ப போற ஜனம் என்னதான் செய்யும்?" நான் பளபளப்பான படங்களை விரித்துக் காட்டி, சும்மா இருக்கலாம் அண்ணே, அதுதான் அங்கே விசேஷமே என்றேன். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெரிய மூச்சு ஒன்று விட்டார்.

"சும்மா உக்கார எதுக்குத் தாயி கடல் தாண்டணும்? பட்டா மாத்த எழுதிக் குடுத்தா தாலுகா ஆபீஸ்லயே நாலு நாள் உக்கார வைப்பாகளே!"

காலைக் கழுவும் சடங்கு

ஸ்பாவில் நுழைந்ததும் முதலில் விருந்தாளியின் காலைக் கழுவுவார்கள். பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர், மேலே பூ. எங்கள் குழுவில் முதலில் போனது பாண்டியம்மாள் அம்மா. திருப்பரங்குன்றத்துக்கு அங்கிட்டு ஒரு கிராமம். இருபத்தைந்து வருஷம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை பறித்து மகள் கவிதாவைப் படிக்க வைத்தவர். கவிதா இப்போது அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சேர்த்து வைத்த லீவையெல்லாம் போட்டு அம்மாவைக் கூட்டி வந்திருந்தாள்.

பாலித் தீவிலிருந்து வேலைக்கு வந்த ஒரு சின்னப் பெண், முட்டி போட்டு அம்மாவின் பாதத்தைத் தொட்டாள். அவ்வளவுதான், சுட்ட மாதிரி ரெண்டு காலையும் நாற்காலிமேல் இழுத்துக்கொண்டார். "வேணாம் கண்ணு, எந்திரி. என் காலை யாரும் தொட்டதில்ல. நான் உக்காந்தாலே எந்திரிக்கச் சொன்ன தெருவெல்லாம் உண்டு," என்றார். கவிதா, "பரவால்லம்மா, அது அவுக வேலைம்மா," என்று சொல்லச் சொல்ல அம்மாவின் கால்கள் இன்னும் உள்ளே போயின. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல், தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து, கண் கலங்கி என்னைப் பார்த்தாள்.

அம்மா என்னைக் கூப்பிட்டு, "இந்த வேலை பாக்குறது இவ ஆத்தாளுக்குத் தெரியுமான்னு கேளு," என்றார். கேட்டேன். தெரியும், இந்தச் சம்பளத்தில்தான் அம்மாவுக்கு ஓட்டு வீடு கட்டிக் கொடுத்தேன் என்றாள் அவள். மொழிபெயர்த்துச் சொன்னேன். பாண்டியம்மாள் அம்மா அவள் கையைப் பார்த்தார். பிறகு சேலையை லேசாகத் தூக்கி, ரெண்டு காலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீருக்குள் இறக்கினார்.

"சரி, வேலைன்னு வந்துட்டா வேலைதேன். நல்லா அழுத்தித் தேய்க்கச் சொல்லு, சும்மா தடவி ஏமாத்தக் கூடாது."

மோட்டார்

மறுநாள் காலைச் சாப்பாட்டு மேசையில் காளீஸ்வரி அக்கா கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். "பக்கத்துல எவனோ பொழுதன்னைக்கும் மோட்டார் ஓட்டுறான், ஆஃப் பண்ணச் சொல்லு தாயி," என்றார். அக்கா, அது மோட்டார் இல்லை, கடல். உங்கள் வில்லாவுக்கு அடியிலேயே அலை அடிக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டே தூங்கத்தான் உலகமெங்கும் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று விளக்கினேன். அக்கா கடலை ஒரு முறை முறைத்தார்.

"நம்ம ஊர்லயாச்சும் மும்முனைக் கரண்டு போனா மோட்டார் நின்டுரும். இதுக்கு அதுவும் இல்லையா?"

கடை நல்லா ஓடுதாம்

ராஜாங்கம் சாருக்கு டவுனுக்குள் மூன்று மாடி ஜவுளிக்கடை. நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்த பிறகு, பத்து நாளாவது கடைப்பக்கம் நினைப்பே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருடைய மனைவி சாந்தா அதிகம் பேசாதவர். மதுரை ஏர்போர்ட்டிலேயே கணவரின் ஃபோனை வாங்கி, ஆஃப் செய்து, என் கைப்பையில் போட்டுவிட்டு, "அவரு அழுதாலும் குடுக்காதீக," என்று மட்டும் சொன்னார்.

ராஜாங்கம் சார் அழவில்லை. அதைத் தவிர எல்லாம் செய்தார். முதல் நாள் கெஞ்சினார். ரெண்டாம் நாள் மிரட்டினார். மூன்றாம் நாள் காலையில் ஆளைக் காணோம். ஸ்டென்ட் வைத்த ஆள், நாலு பக்கமும் தண்ணீர். தீவையே சுற்றி ஓடினேன். சுற்ற இருபது நிமிஷம்தான் ஆகும். எனக்கு அது இருபது வருஷமாகத் தெரிந்தது. கடைசியில் செடிகளுக்கு உரம் வைக்கும் கொட்டகைக்குப் பின்னால், தோட்டக்காரரின் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. ஐயோ, கடையில் தீயா, திருட்டா, என்ன சார் ஆச்சு என்று பதறினேன். ஃபோனைத் தோட்டக்காரரிடம் கொடுத்துவிட்டு, உடைந்த குரலில் சொன்னார்:

"மூணு நாளா நான் இல்லாமக் கடை நல்லா ஓடுதாம் மேடம்! என் தம்பி சிரிச்சுக்கிட்டே சொல்றான். இதைக் கேக்கவா என்னைக் கூட்டியாந்தீக?"

தொண்ணூறு நிமிஷம்

மசாஜ் என்றதும் மாயாண்டி அண்ணன் போட்ட ஒரே நிபந்தனை, பொம்பளைப் பிள்ளை தொடக் கூடாது என்பது. கேரளத்துக்காரர் ஒருவரை ஏற்பாடு செய்தேன். ஐந்து நிமிஷத்தில் அண்ணன் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கையில் கசங்கிய காகிதம் மாதிரி ஏதோ ஒன்று. "கைக்குட்டை எல்லாம் நல்லாத்தான் குடுக்குறாக, ஆனா முகத்தைத் துடைச்சா ஒரு ஓரத்துல எலாஸ்டிக் குத்துது," என்றார். அது மசாஜுக்குப் போட்டுக்கொள்ளும் காகித ஜட்டி என்று நான் எப்படிச் சொல்வேன்? கேரளத்துக்காரர்தான் காதில் சொன்னார். அண்ணன் அதை அப்படியே நந்தியாவட்டைச் செடிக்குள் எறிந்துவிட்டு, தன் பட்டாபட்டியோடுதான் படுப்பேன் என்று உள்ளே போனார்.

தொண்ணூறு நிமிஷம் உள்ளே சத்தமே இல்லை. சண்டை ஏதும் ஆகிவிட்டதோ என்று வாசலிலேயே நின்றேன். கதவு திறந்தது. எண்ணெய் மினுமினுக்க, நடை தளர்ந்து வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். இஞ்சி டீ கொடுத்தார்கள், குடித்தார். முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. பிடிக்கவில்லையா அண்ணே என்று மெல்லக் கேட்டேன்.

"ஒம்பது வருசமா எங்க காளையைத் தேய்ச்சுக் குளிப்பாட்டுறேன் தாயி. அது ஏன் கண்ணை மூடிக்கிட்டு நிக்குதுன்னு இன்னைக்குத்தேன் தெரிஞ்சுச்சு."

இஸ்திரிப் பெட்டி

நாலாம் நாள் காலை பத்து மணி. தீவு முழுக்க அபாயச் சங்கு ஊதியது. தீயணைக்கும் சிலிண்டர்களோடு மூன்று பேட்டரி வண்டிகள் மரப்பாலத்தில் பறந்தன. பின்னாலேயே நானும் செருப்பில்லாமல் ஓடினேன். போய் நின்ற இடம் காளீஸ்வரி அக்காவின் வில்லா.

உள்ளே புகை. அதைவிட வாசனை. ரெண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவில் இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன்மேல் ஊரிலிருந்து கட்டி வந்த நெத்திலிக் கருவாட்டில் ஒரு பிடியைப் பரப்பி, பக்கத்தில் உட்கார்ந்து அக்கா பொறுமையாகப் புரட்டிக்கொண்டிருந்தார். சமையல்காரரிடம் கேட்டு வாங்கிய தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கவாம். மூன்று நாளாகப் பழமும் ரொட்டியும் தின்று நாக்கு செத்துவிட்டதாம். சிலிண்டர் பிடித்தபடி பன்னிரண்டு பேர் வாசலில் திகைத்து நின்றார்கள். அக்கா நிதானமாக ப்ளக்கைப் பிடுங்கினார். எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, பன்னிரண்டு பேரையும் வரிசையாகப் பார்த்தார்.

"விடிஞ்சதுல இருந்து ஒரு டம்ளர் காப்பிக்கு மூணு தடவை ஃபோன் போட்டேன், ஒரு ஆளு எட்டிப் பாக்கல. புகைஞ்சாத்தேன் வருவீகன்னா அப்பவே புகைய விட்டிருப்பேனே!"

பேச்சுவார்த்தை

மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். சிரித்த முகத்தோடே என்னை அறைக்குக் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடே ஒரு கடிதத்தை நீட்டினார். இனி என் ஏஜென்சி மூலம் வரும் யாருக்கும் அங்கே இடமில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். ரெண்டாம் தடவையும் கேட்டேன். இங்கிலீஷ் தீர்ந்துபோய் அழுகை மட்டும் மிச்சமிருந்த நேரத்தில் கதவு திறந்தது. ராஜாங்கம் சார். யாரும் சொல்லாமலே உள்ளே வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "மேடம், நீங்க பேசாதீக. நான் சொல்றதை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லுங்க," என்றார்.

அன்றுதான் அவருடைய கடைக்கு ஏன் மூன்று மாடி என்று எனக்கு விளங்கியது. ரூமில் இஸ்திரிப் பெட்டி வைத்தது யார் என்று கேட்டார். காப்பிக்கு மூன்று தடவை ஃபோன் வந்தது உண்டா இல்லையா, ரிஜிஸ்டரைக் காட்டுங்கள் என்றார். சீசன் இல்லாத மாதத்தில் பாதி வில்லா காலியாகக் கிடப்பதை மூன்று நாளாக எண்ணி வைத்திருந்தார், அதையும் சொன்னார். "சரி, வேற தீவு பாத்துக்கிறோம்," என்று ரெண்டு தடவை எழுந்து கதவுவரை போனார். ரெண்டு தடவையும் மேனேஜரே எழுந்து வந்து உட்கார வைத்தார். முக்கால் மணி நேரத்தில் கடிதம் கிழிந்தது. தினம் காலையில் ஒவ்வொரு வில்லாவுக்கும் ஃபிளாஸ்கில் காப்பி என்று முடிவானது. போதாததற்கு, நான் பயந்துபோய்விட்டேன் என்று சொல்லி எனக்கு இலவசமாக ஒரு மசாஜும் வாங்கிக் கொடுத்தார். வெளியே வந்து நின்று, கைகளை விரித்து, நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தார். கன்னத்தில் நல்ல ரத்த ஓட்டம்.

"வந்ததுல இருந்து இன்னைக்குத்தேன் மேடம் ரெஸ்ட் எடுத்த மாதிரி இருக்கு."

என் முறை

கடைசி நாள் மதியம், படகுக்கு மூன்று மணி நேரம் இருக்கும்போது, நானும் அந்த மசாஜ் மேசையில் குப்புறப் படுத்தேன். பதினாலு வருஷத்துக்கு மேல் அடுத்தவர் பின்னாலேயே ஓடிய உடம்பு. பாலிப் பெண் தோளில் கை வைத்ததும் ஏதோ கல்லில் இடித்துக்கொண்ட மாதிரி கையை எடுத்து ஊதிக்கொண்டாள். பிறகு எண்ணெய் ஊற்றி மெல்ல மெல்ல அழுத்தினாள். எனக்கு மூக்கு அடைத்துக்கொண்டு வந்தது. எதற்கென்று தெரியவில்லை. நல்லவேளை, முகம் புதைக்க மேசையில் விட்டிருந்த ஓட்டைக்குள் என் முகம் இருந்தது.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம். ஓட்டை வழியாகப் பார்த்தால் திரைக்குக் கீழே ரெண்டு கால்கள், பட்டுப்பாவாடைக் கரை போல மணல் ஒட்டிய கொலுசு. சாந்தா. அஞ்சு நாளில் மொத்தமாகப் பத்து வாக்கியம் பேசாத சாந்தா. சாருக்கு நெஞ்சு வலியோ என்று நான் பாதி எழுந்துவிட்டேன்.

"எந்திரிக்காதீக, படுத்துக்கிட்டே சொன்னாப் போதும். நான் மட்டும் இன்னும் நாலு நாள் இருக்கணும்னா யாருகிட்ட கேக்கணும்? அவரை நீங்க பத்திரமாக் கூட்டிப் போய்க் கடையில விட்டுருங்க."

ரெண்டு மேசையையும் விற்க வேண்டி வரவில்லை. திரும்பி வந்ததிலிருந்து தல்லாகுளத்தில் எல்லோரும் என்னைக் கொடுத்துவைத்தவள் என்கிறார்கள். எதை, யாரிடம், எப்போது கொடுத்து வைத்தேன் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.