படுதா

எழுதுவது என் அக்காவின் வேலை. பத்தாம் வகுப்போடு நின்ற நான் எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா மாடலாக இருந்து, டிவியில் நிகழ்ச்சி நடத்தி, பத்திரிகைகளுக்கும் எழுதுகிறவள். ஒரு தேயிலை விளம்பரத்துக்காக எங்கள் மாட்டுப்பட்டி எஸ்டேட்டுக்கு வந்தவள் என் வீட்டில் தங்கினாள். விளம்பரக்காரர்கள் கொடுத்திருந்த உடைப் பையைப் பிரித்தாள். கொழுந்தெடுப்பவர்கள் நனையாமலிருக்க இடுப்பில் சுற்றும் படுதா உள்ளே இருந்தது. ஈரத் தார்ப்பாயும் தேயிலைக் கறையும் கலந்த வாடை வீசியது.

நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வாசல் ஆணியில் அம்மாவின் படுதா எப்போதும் சொட்டிக்கொண்டே தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அதைச் சுற்றிக்கொண்டு ஒயிலாக நடந்தாள்.

"கவுனு மாதிரி இருக்குல்ல?"

நான் சிரித்தேன். கோயிலிலிருந்து திரும்பிய அம்மா சிரிக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கக்கூடப் பொறுக்காமல் இழுத்து உருவினாள்.

"இது என்னோட போகட்டும்ட்டி. உன் இடுப்புல ஏறக் கூடாது."

இப்போது பையிலிருந்ததையே பார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், "இது வெறும் வேசந்தானக்கா," என்றேன்.

"இப்ப இந்த வேசத்துக்கு மட்டுந்தாண்டி கூப்பிடுறாங்க. வயசாயிருச்சுல்ல."

"முடியாதுன்னு சொல்லிரேன்."

"சொன்னா அப்புறம் எவன் கூப்பிடுவான்?"

மறுநாள் அக்கா அதைக் கட்டிக்கொண்டு கேமராவுக்கு முன் நின்றாள். மதியத்துக்குள் படம் எடுத்து முடித்துவிட்டார்கள்.