ஈரத்துக்குக் கழிவு

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கவலையைக் குறைக்க வந்த பயிற்சி கவலையைக் கூட்டுகிறது என்று கணக்கு வந்த நாளில்தான் நான் வேலை இடத்தில் முதன்முதலாக வாயைத் திறந்தேன்.

மிஸ் உளவியல் ஆய்வாளர். ஒரு சிகிச்சைக்கு முன்னும் பின்னும் மனம் எவ்வளவு மாறுகிறது என்று அளக்கப் புள்ளிவிவர முறை உருவாக்குபவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அவருக்கு உதவியாள். கிழமைக்கு ஒருமுறை தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் போய், "கவலை பத்துக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதுவேன். கூச்சக்காரனுக்கு ஏற்ற வேலை. அதற்கு மேல் பேசத் தேவையில்லை.

மூச்சுப் பயிற்சிக்கு முன் பெண்கள் ஏழு, எட்டு சொன்னார்கள். பயிற்சி தொடங்கியபின் எட்டு, ஒன்பது.

"இது ஆட்களுக்குக் கெடுதல் செய்யுது. நாளையோட வகுப்ப நிறுத்திடுவோம்," என்றார் மிஸ்.

பல மாதம் தூக்கமில்லாமல் கிடந்த பாக்கியம் அக்கா, இப்போது வேலைக்குப் பேர் கொடுக்கும் காலைப் பெரட்டுக்குப் பிந்தும் அளவுக்குத் தூங்குகிறார். வகுப்பு நின்றால் அவர் கதி?

"மிஸ்... மழை," என்றேன்.

"மழைக்கு என்ன?"

அவரைப் பாக்கியம் அக்கா வீட்டுக்கே கூட்டிப்போனேன்.

"போன கிழமை ஏன் ஒன்பது சொன்னீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"ஒன்பது சொன்னாத்தானே மிஸ் நாலாச்சும் நிக்கும்."

"மிச்சம் அஞ்சு?"

"கொழுந்து நிறுக்கிறப்ப சாக்குக்கு ரெண்டு கிலோ கழிப்பாங்க. மழைன்னா ஈரத்துக்கு மூணு. நீங்க மட்டும் கழிக்காமலா விடுவீங்க?"

பயிற்சி தொடங்கிய கிழமைதான் மழையும் தொடங்கியிருந்தது. மிஸ் என் பக்கம் திரும்பினார். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் மிஸ். சாக்குக்குக் கழிச்சிட்டு, ஈரத்துக்குக் கழிக்க மறந்துட்டீங்களோன்னுதான்..."

"நாங்க எதையுமே கழிக்கிறதில்ல."

பாக்கியம் அக்கா என்னை முறைத்தார். "நல்ல ஆளத்தான் வேலைக்கு வச்சிருக்காங்க."

வகுப்பு நிற்கவில்லை. மிஸ் பழைய படிவங்களை ஒதுக்கிவிட்டு, இன்னொரு லயத்தில் ஆய்வை முதலிலிருந்து தொடங்கினார். ஒருவரிடம் எண் கேட்குமுன், அவர் எந்தத் தராசுக்குப் பழகியவர் என்று பார்க்க வேண்டும். நான் கற்றது அதுதான். இப்போது ஒவ்வொரு வாசலிலும், "இங்க கழிவு கிடையாது," என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

வகுப்பு தொடர்ந்த பழைய லயத்தில், அடுத்த கிழமை பாக்கியம் அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

"நாலு," என்றார். எழுதப் போனேன்.

"இரு தம்பி. நெசமாவே கழிக்க மாட்டீங்களா?"

"மாட்டோம் அக்கா."

"அப்ப மூணுன்னு போடு."