வினோத் வைத்த சாவி

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தமிழ்ச்செல்வியின் ஜெராக்ஸ் கடை. காலையில் சாலவாக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்குவாள், கம்ப்யூட்டரின் பட்டனை அமுக்குவாள். அது லினக்ஸில் ஓடியது. அதுவும் முன்பக்கம் செருகியிருந்த பென் டிரைவிலிருந்து. ஹார்ட் டிஸ்க் செத்தபோது புருஷன் வினோத் செய்த ஏற்பாடு. "இத்த சாவின்னு நெனச்சிக்கோ. சாவி இல்லாம வண்டி கெளம்பாது" என்று அவளிடம் சொல்லியிருந்தான்.

திரை வெளுத்ததும் ஸ்பீக்கரில் வினோத் கேட்பான்:

"இன்னா செல்வி, நாஷ்டா ஆச்சா?"

விளையாட்டுக்குப் பதிந்து வைத்தது. கடையில் ஆள் இருக்கும்போது கேட்டால் அவளுக்கு மானம் போகும். எடுத்துப் போடச் சொல்லி எத்தனையோ முறை சண்டை பிடித்தாள். அவன் எடுக்கவில்லை. மஞ்சள் காமாலையில் அவன் போய்விட்ட பிறகு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். தினமும் வெறும் வயிற்றோடு "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள்.

போன வருஷம் துக்கம், பூஜை இல்லை. இந்த வருஷம் ஆயுத பூஜையை அவளே செய்தாள். வினோத் ஓடுகிற மிஷினுக்கே பொட்டு வைப்பான், பிளக்கைப் பிடுங்க விடமாட்டான். "தூங்கப் போட்டா எய்ந்துக்க பேஜார் பண்ணும்" என்பான். சோம்பேறித்தனம் என்று நினைத்திருந்தாள். அவள் பிறந்த வீட்டில் அன்றைக்கு மண்வெட்டியைக்கூடக் கழுவிச் சாய்த்து வைப்பார்கள், யாரும் தொடக்கூடாது. அப்படியே இவளும் எல்லா பிளக்கையும் பிடுங்கினாள். துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். பொரிகடலை படைத்து ஷட்டரை இறக்கினாள்.

மறுநாள் பட்டனை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி. எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை என இங்கிலீஷில் சொன்னது. பென் டிரைவைப் பிடுங்கி ஊதிச் செருகினாள். பின்பக்கத்துத் துளையில் செருகினாள். சந்தனம் உள்ளே போயிருக்குமோ என்று முந்தானையால் துடைத்துச் செருகினாள். அதே வரி.

வாலாஜாபாத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் சாம்சனுக்கு போன் போட்டாள். வினோத்தின் கூட்டாளி.

"பென் டிரைவு பூட்ச்சி அண்ணி. பஸ்ஸுல குடுத்து உடுங்க, புச்சா லினக்ஸ் ஏத்தி அனுப்பறேன். உள்ள எதுனா வேணுமா? எல்லாம் அயிஞ்சிடும்."

"ஃபைலெல்லாம் மெயில்ல கீதுப்பா. சாவியில இன்னா கீது? அயிச்சிட்டே அனுப்பு."

வினோத்தின் குரல் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை. பேசியது பெட்டிதானே.

கண்டக்டர் கையில் போன பென் டிரைவ் மதியம் இன்னொரு பஸ்ஸில் திரும்பி வந்தது. செருகினாள். அதே வரி.

சாம்சனே வண்டியில் வந்துவிட்டான். எதையோ அமுக்கி நீலத் திரை ஒன்றை வரவழைத்தான். "தேதியப் பாருங்க அண்ணி. ரெண்டாயிரத்து பத்துன்னு காட்டுது." வினோத்தை அவள் பார்த்தே இராத வருஷம். சாம்சன் பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, ரூபாய்க் காசு போலிருந்த பேட்டரியை நெம்பி எடுத்தான்.

"இது செத்து எந்தக் காலமோ. யூபிஎஸ்ல கரண்ட்டு வந்துக்கினே இருந்ததால தெரியல. பிளக்கப் புடுங்கினதும் பொட்டி எல்லாத்தையும் மறந்துட்ச்சி. பென் டிரைவுல தேடணும்ன்றதயும் மறந்துட்ச்சி."

"அப்ப பென் டிரைவு?"

"அது நல்லாதான் இருந்திருக்குது. நான்தான் பாக்காம சொல்லிட்டேன்."

புது பேட்டரி போட்டான். தேதியைத் திருத்தி, முதலில் பென் டிரைவைப் பார் என்று மாற்றி வைத்தான். திரை வெளுத்தது. அவன் ஏதோ சொல்ல வாயெடுக்க, கையை உயர்த்தி நிறுத்தினாள். யாரோ எடுத்த ஒரு மலையின் படம் வந்து நின்றது.

"ஸ்பீக்கர ஆன் பண்ணுப்பா."

"ஆன்லதான் கீது அண்ணி."

"அவரு பேசலயே."

சாம்சனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு அவளைப் பார்க்காமல் பென் டிரைவைக் காட்டினான். "அது பொட்டியில இல்ல அண்ணி. இதுலதான்…"

"சாவின்னுதானே சொன்னாரு" என்றாள்.

அழிந்ததை மீட்க இருட்டும் வரை முயன்றான். யாருடைய பாஸ்போர்ட் போட்டோவோ பாதி வந்தது. குரல் வரவில்லை. "அண்ணன் வேற எங்கனா பேசி வச்சிருந்தா குடுங்க, திருப்பி ஏத்திடறேன்" என்றான். கல்யாண வீடியோ ஒன்று இருந்தது. மேளச் சத்தத்தில் வினோத்தின் வாய் மட்டும் அசையும்.

மறுநாள் ஷட்டரைத் தூக்கினாள், பட்டனை அமுக்கினாள். மலை வந்தது. பட்டா காப்பி எடுக்க வந்தவர் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, மிஷினுதான் வந்துட்ச்சே. இன்னாத்துக்கு நிக்கற?"

"நாஷ்டா ஆவலண்ணா" என்றாள்.